ஒரு சொல், இரு வேலை



ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைப் பக்கம் போயிருப்பவர்களுக்கு, நான் சொல்லப்போகும் காட்சி புதிதன்று. தேக்கா சந்தையிலிருந்து வீரமாகாளியம்மன் கோயிலையும் தாண்டி ஒரே மக்கள் கூட்டம். கட்டடத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வாரம் முழுவதும் உழைத்த நம் பிள்ளைகள், ஊருக்குப் பணம் அனுப்பவும், சாமான் வாங்கவும், சொந்த ஊர்க்காரரைக் கண்டு நாலு வார்த்தை பேசவும் லிட்டில் இந்தியாவில் கூடுகிறார்கள். அவர்களில் ஒரு தம்பியை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியும். சொற்களும் ஓரளவு தெரியும்.

அவர் வேலைத்தளத்தில் ஒரு பெரிய பெட்டி. அதன்மேல் 'டூ நாட் லிஃப்ட்' என்று ஒட்டியிருக்கிறது. தம்பிக்கு 'லிஃப்ட்' தெரியும். தங்குமிடத்தில் தினமும் ஏறி இறங்குவது அதில்தானே! 'டூ நாட்' என்றால் கூடாது. ஆக, 'இந்தப் பெட்டியை லிஃப்டில் ஏற்றக்கூடாது' என்று பொருள் கொள்கிறார். நல்லது என்று சொல்லி, இரண்டு கைகளாலும் பெட்டியைத் தூக்கப் போகிறார்!

அந்தத் தாள் சொன்னதோ 'தூக்காதே' என்பது. எதைச் செய்யக்கூடாது என்று எழுதியிருந்ததோ, அதையே செய்யப் போகிறார். இது நான் கற்பனையாகச் சொன்ன காட்சிதான். ஆனால் நடக்கக்கூடாத காட்சி அன்று. இடுப்பு பிடித்துக்கொண்டால் பழியை யார்மேல் போடுவது? தம்பி சொல்லை அறியாதவர் அல்லர். அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு என்பதை அறியாதவர். அவ்வளவுதான். 'லிஃப்ட்' என்பது மின்தூக்கியின் பெயரும் ஆகும். 'தூக்கு' என்னும் வினையும் ஆகும். எழுத்தில் ஒரு புள்ளி வேற்றுமைகூட இல்லை.

நேயர்களே! ஆங்கிலம் கற்கும் தமிழர்களை வழியில் இடறிவிடும் இந்த ஒரு கல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் நம் வீட்டிலிருந்து தொடங்குவோம். 'மின்தூக்கி' என்று சொன்னேன். சிங்கப்பூரில் நாம் வழங்கும் அழகான சொல் அது. அதை எப்படி அமைத்தார்கள்? 'தூக்கு' என்னும் வினையோடு 'இ' என்னும் விகுதியைச் சேர்த்தார்கள்; 'தூக்கி' ஆயிற்று. தூக்குவது எதுவோ அது தூக்கி. தமிழின் இயல்பு இதுதான். வினையைப் பெயராக்க வேண்டுமானால் பின்னால் ஏதாவது ஒன்றைச் சேர்ப்போம். எழுது என்பதிலிருந்து எழுத்து, பேசு என்பதிலிருந்து பேச்சு, படி என்பதிலிருந்து படிப்பு, நட என்பதிலிருந்து நடை. வினையாகவே வழங்கும்போதும் சொல் மொட்டையாக நிற்பதில்லை. தூக்கினான், தூக்குகிறாள், தூக்குவார்கள் என்று காலமும் ஆளும் காட்டும் உறுப்புகளைச் சேர்த்துக்கொள்கிறது. தமிழ்ச் சொல்லின் வாலைப் பார்த்தால் அதன் வேலை தெரிந்துவிடும்.

அப்படியானால் ஒரே வடிவில் பெயரும் வினையும் ஆகும் சொல் தமிழில் இல்லவே இல்லையா? உண்டு. வீட்டுக் கதவைப் பாருங்கள். 'பூட்டு எங்கே?' என்றால் அது பெயர். 'கதவைப் பூட்டு' என்றால் அது வினை. 'அடி வாங்கினான்' என்பதில் அடி பெயர். 'அடிக்காதே' என்பதில் அதுவே வினை. இத்தகைய பெயரை முதனிலைத் தொழிற்பெயர் என்று நம் இலக்கண நூலார் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். கேம்பல் லேனில் சரம் சரமாகத் தொங்குகிறதே பூ, அந்தச் சொல்லும் இத்தகையதுதான். 'பூ வாங்கினாள்' என்பதில் பெயர். 'செடி பூத்தது' என்பதில் வினை. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் 'ஃபிளவர்' என்பதும் அப்படியே இரண்டு வேலையும் பார்க்கிறது.

எனவே இந்த வழக்கம் நமக்கு முற்றிலும் அயலானது அன்று. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நம் 'பூட்டு' மொட்டையாக நின்று வினையாவது, பெரும்பாலும் ஏவும்போது மட்டுமே. மற்ற இடங்களில் பூட்டினேன், பூட்டுவாய் என்று வால் முளைத்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ 'ஐ லாக், யூ லாக், வீ லாக், தே லாக்' என்று சொல் அப்படியே நிற்கிறது. 'எ லாக்' என்றாலும் அதே லாக்தான்.

ஆங்கிலம் ஏன் இப்படி ஆயிற்று? தொடக்கத்தில் அதற்கும் வால்கள் இருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் அன்பு என்னும் பெயர் 'லுஃபு'. அன்பு செய்தல் என்னும் வினை 'லுஃபியன்'. இரண்டும் வெவ்வேறு வடிவங்கள். 1066-ஆம் ஆண்டில் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அதற்கு முன்பே தேயத் தொடங்கியிருந்த சொல்லிறுதிகள், அடுத்து வந்த சில நூற்றாண்டுகளில் பெரும்பாலும் உதிர்ந்துபோயின. லுஃபுவும் லுஃபியனும் தேய்ந்து, இன்று இரண்டுமே 'லவ்' என்று நிற்கின்றன. வால் போய்விட்டது. அப்படியானால் சொல்லின் வேலையை எதைக்கொண்டு அறிவது? அது உட்கார்ந்திருக்கும் இடத்தைக்கொண்டு! தமிழில் வால் சொல்கிறது. ஆங்கிலத்தில் இடம் சொல்கிறது. இந்த உரையிலிருந்து ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வாருங்கள், லிட்டில் இந்தியாவில் சற்று உலாவி வருவோம். நமக்கு வேண்டிய பாடங்கள் எல்லாம் அந்தத் தெருக்களிலேயே இருக்கின்றன.

2003-இல் திறக்கப்பட்ட லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்குகிறோம். ரயிலுக்கும் மேடைக்கும் இடையே உள்ள இடைவெளியைக் குறித்து எச்சரிக்கும்போது ஆங்கிலத்தில் 'மைண்ட்' என்கிறார்கள். மைண்ட் என்றால் மனம் என்று பள்ளியில் படித்தோம். இங்கே மனத்துக்கு என்ன வேலை? இங்கே அது வினை. 'கவனி, மனத்தில் வைத்துக்கொள்' என்று பொருள்.

வெளியேறும் வாயிலில் பயண அட்டையை வைத்து 'டேப்' செய்கிறோம். டேப் என்றால் தண்ணீர்க் குழாயும் ஆயிற்றே! இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். தட்டுகிற டேப்பும் தண்ணீர்க் குழாயாகிய டேப்பும் ஒரே சொல்லின் இரு வேலைகள் அல்ல. வேர் வேறான இரண்டு சொற்கள், ஒரே உருவத்தில் நிற்கின்றன. நம் 'ஆடு' விலங்கும் ஆகும், 'நடனம் ஆடு' என்னும் வினையும் ஆகும். ஆனால் இரண்டுக்கும் பொருளில் உறவில்லை அல்லவா? அதைப்போல.

ஆனால் குழாயாகிய டேப்புக்கும் ஒரு வினை உண்டு. அது நம் முன்னோர் வாழ்வோடு ஒட்டியது. பீப்பாயில் செருகும் அடைப்புக்கும் குழாய்க்கும் டேப் என்று பெயர். அதைத் திறந்து உள்ளிருப்பதை வடிப்பது டேப் என்னும் வினை. பிறகு மரத்தைக் கீறிப் பால் வடிப்பதற்கும் அதுவே சொல்லாயிற்று. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பவர், ரப்பர் மரத்தைச் சாகவிடாமல் திரும்பத் திரும்பக் கீறிப் பால் எடுக்கும் முறையை 1890-களில் வகுத்தார். அந்த முறையால் மலாயாவில் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பலேறின. தோட்டத்தில் நம்மவர் 'பால் வெட்டு' என்று சொன்ன வேலைக்கு ஆங்கிலக் கணக்குப் புத்தகத்தில் 'டேப்பிங்' என்று பெயர். குழாய் என்னும் ஒரு பெயர்ச்சொல் வினையாக மாறி, ஒரு தலைமுறைத் தமிழரின் தொழிற்பெயராகவே ஆகிவிட்டது.

தேக்கா சந்தைக்குள் நுழைவோம். இறைச்சிக் கடையில் 'மட்டன் சாப்' கிடைக்கிறது. வெட்டுதல் என்னும் வினையாகிய சாப், வெட்டிய துண்டுக்குப் பெயராகிவிட்டது. ஆனால் சிங்கப்பூர் அலுவலகத்தில் 'கம்பெனி சாப் வேண்டும்' என்றால் கத்தியைத் தேடாதீர்கள். அது முத்திரை. இந்தியில் 'சாப்' என்றும் மலாயில் 'சாப்' என்றும் வழங்கும் சொல்லின் உறவு அது. 'சாப்பா' என்று தமிழிலும் வழங்கியதுதான். முத்திரைக்கும் சாப், முத்திரை குத்துவதற்கும் சாப்.

உணவுக் கடைப் பகுதியில் மேசைமேல் ஒரு கைத்தாள் பொட்டலம் கிடக்கிறது. புதிதாக வந்த தம்பி அதை ஒதுக்கிவிட்டு உட்காரப் போகிறார். பக்கத்து மேசைக்காரர், 'தம்பி, அது ஆளு சோப் பண்ணுன இடம்பா!' என்கிறார். 'சோப்பா? கை கழுவவா அண்ணே?' என்று கேட்கிறார் தம்பி. அண்ணன் சிரித்துவிடுகிறார். இடம் பிடித்து வைப்பதற்குச் சிங்கப்பூரர் சொல்லும் சொல் அது. முத்திரையாகிய சாப்பிலிருந்தே அது பிறந்தது என்று கருதப்படுகிறது. பொட்டலத்தை வைத்தால் முத்திரை குத்தியது போல!

அங்கேயே கொதிக்கிறது கறி. நம் தமிழ்ச் சொல், கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய் 'கர்ரி' ஆயிற்று. போன இடத்தில் அந்த ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொண்டது. நாம் 'கறி வைத்தாள்' என்போம். 'கறியினாள்' என்று ஒருநாளும் சொல்லமாட்டோம். ஆங்கிலேயரோ 'டு கர்ரி' என்று வினையாக்கி, 'கர்ரீட் சிக்கன்' என்று அதற்கு இறந்தகால வாலும் ஒட்டிவிட்டார்கள். நம் வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டில் போய் இரண்டு வேலை பார்க்கிறது.

வெளியே வந்தால் பஃபலோ சாலை. ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டில்களும் மாட்டு வணிகமும் நிறைந்திருந்த வட்டாரம். பஃபலோ என்றால் எருமை. அமெரிக்க ஆங்கிலத்தில் அந்த எருமையையும் விட்டுவைக்கவில்லை. ஒருவரை மிரட்டிக் குழப்புவதற்கு 'பஃபலோ' என்று வினையாகச் சொல்கிறார்கள். அடுத்து ரேஸ் கோர்ஸ் சாலை. 1933-இல் புக்கிட் தீமாவுக்கு மாறும்வரை குதிரைப் பந்தயம் நடந்த மைதானம் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ரேஸ் என்றால் பந்தயமும் ஆகும், பந்தயத்தில் ஓடுவதும் ஆகும். அதை ஒட்டியே ஃபேரர் பார்க். பார்க் என்றால் பூங்கா. 'நோ பார்க்கிங்' என்ற பலகையில் பூங்கா எங்கிருந்து வந்தது? பார்க் என்பது முதலில் வேலியிட்ட நிலம். படையினர் பீரங்கி வண்டிகளை நிறுத்தி வைத்த இடத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. பிறகு வண்டியை நிறுத்துவதே பார்க் ஆயிற்று.

இத்தனை சொற்களில் நாம் அன்றாடம் புழங்கியும் ஏன் இடறுகிறோம்? காரணம் நம்மிடமே இருக்கிறது. நாம் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்தால், அதன் பின்னால் 'பண்ணு' என்று ஒன்றைச் சேர்த்துவிடுகிறோம். புக் பண்ணு, டாப்-அப் பண்ணு, டிரான்ஸ்ஃபர் பண்ணு, பார்க் பண்ணு. இதில் வினைக்கு உரிய வேலையை எல்லாம் பண்ணு என்பதே பார்த்துக்கொள்கிறது. பண்ணினேன், பண்ணுவேன், பண்ணாதே. ஆங்கிலச் சொல் வெறும் பெயரைப் போல முன்னால் உட்கார்ந்திருக்கிறது. தமிழுக்கு வால் வேண்டும். அந்த வாலைப் பண்ணு கொடுக்கிறது. தமிழின் பக்கம் இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் விளைவு என்ன? ஆங்கிலச் சொல்லின் ஒரு முகத்தை மட்டுமே நாம் இரவல் வாங்கியிருக்கிறோம். லிஃப்ட் என்றால் மின்தூக்கி, புக் என்றால் புத்தகம், சைன் என்றால் கையெழுத்து என்று பெயராகவே மனத்தில் பதிந்துவிடுகிறது. அதே சொல் ஆங்கில வாக்கியத்தில் பண்ணு இல்லாமல், தானே வினையாக எதிர்ப்படும்போது நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

அடையாளம் காண வழி என்ன? மூன்று குறிப்புகள் சொல்கிறேன். கையில் தாள் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: சொல்லின் முன்னால் 'எ, ஆன், தி, மை, யுவர்' போன்ற சிறு சொல் இருந்தால், அது பெயர். 'தி லிஃப்ட்' என்றால் மின்தூக்கி. நடுவில் ஓர் அடைமொழி வரலாம். 'எ லாங் வாக்' என்பதில் வாக் பெயரே.

இரண்டு: முன்னால் 'ஐ, யூ, தே' என்று ஆளோ, 'கேன், வில், மஸ்ட், டூ நாட்' போன்ற துணைச் சொல்லோ இருந்தால், அது வினை. 'டூ நாட் லிஃப்ட்' என்பதில் 'தி' இல்லை. 'டூ நாட்' என்பதை அடுத்து நேரே லிஃப்ட் நிற்கிறது. ஆகவே 'தூக்காதே'.

மூன்று: வாக்கியம் அந்தச் சொல்லோடே தொடங்கி, அடுத்து ஒரு பொருளோ இடமோ வந்தால், அது பெரும்பாலும் ஏவல். படிவத்தில் 'சைன் ஹியர்' என்றால் 'இங்கே கையெழுத்திடுக'.

இந்த மூன்றும் எல்லா இடத்திலும் செல்லும் என்று சொல்லமாட்டேன். அறிவிப்புப் பலகைகளில் இடத்தை மிச்சம் பிடிக்க 'எ, தி' முதலியவற்றை விட்டுவிடுவார்கள். 'வெட் பெயிண்ட்' என்று புதிதாகச் சாயம் பூசிய சுவரில் எழுதியிருந்தால், சாயத்தை நனைக்கச் சொல்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சாயம் ஈரமாக இருக்கிறது, தொடாதீர் என்று பொருள். அதைப்போல 'எஸ்' என்னும் ஓசை கடைசியில் வந்தாலும் ஏமாறக் கூடாது. சாலையோரத்தில் 'ரோடு ஒர்க்ஸ்' என்றால் பன்மைப் பெயர், சாலைப் பணிகள். 'ஹீ ஒர்க்ஸ் ஹியர்' என்றால் ஒருமை வினை. அவர் இங்கே வேலை செய்கிறார். 'டு' என்பதும் அப்படியே. 'ஐ வாண்ட் டு ஒர்க்' என்பதில் ஒர்க் வினை. 'ஐ கோ டு ஒர்க்' என்பதில் அது பெயர். ஐயம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கேளாமல் தூக்குவதில்தான் ஆபத்து.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எழுத்தில் ஒன்றாக இருக்கும் சில சொற்கள் ஒலியில் பிரிகின்றன. நம் தம்பி இந்த நாட்டில் உழைப்பதற்கு ஆதாரமாகிய 'ஒர்க் பெர்மிட்' என்பதையே எடுத்துக்கொள்வோம். அனுமதிச்சீட்டு என்னும் பெயராகச் சொல்லும்போது 'பெர்' என்னும் முதல் அசையை அழுத்தவேண்டும். அனுமதி கொடு என்னும் வினையாகச் சொல்லும்போது 'மிட்' என்னும் பின்னசையை அழுத்தவேண்டும். ரெக்கார்ட், இம்போர்ட், எக்ஸ்போர்ட், ரீஃபண்ட் முதலியனவும் இப்படியே. பெயர் என்றால் முன்னே அழுத்தம். வினை என்றால் பின்னே.

இதை நினைவில் வைக்கத் தமிழே துணை செய்யும். கெடு என்பது வினை. கேடு என்பது பெயர். சுடு வினை, சூடு பெயர். பெறு வினை; பேறு பெயர். முதலெழுத்து நீள்கிறது, வினை பெயராகிறது. இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். நாம் முதலை நீட்டிப் பெயராக்குகிறோம். அவர்கள் முதலை அழுத்திப் பெயராக்குகிறார்கள். 'கேடு, சூடு, பெர்மிட்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மறக்காது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல்லையும் அதற்கு ஒரு தமிழ்ப் பொருளையும் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். 'புக் என்றால் புத்தகம்' என்று நிறுத்திவிடாதீர்கள். சொல்லைத் தனியே கொடுக்காமல் இரண்டு வாக்கியங்களில் வைத்துக் கொடுங்கள். ஒன்றில் பெயராக, மற்றொன்றில் வினையாக. தினம் ஒரு சொல் போதும்.

இந்த வழக்கம் பழங்கதை அன்று. 2016-இல் சிங்கப்பூர் ஆங்கிலச் சொற்கள் சில ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறின. அவற்றுள் ஒன்று 'சபோ'. ஒருவரைச் சிக்கலில் மாட்டிவிடுவதற்கு நம் தெருவில் வழங்கும் சொல். அகராதிக்காரர்கள் அதைப் பெயர் என்று ஒரு பதிவும் வினை என்று ஒரு பதிவுமாக எழுதிக்கொண்டார்கள். நேற்றுப் பிறந்த சொல்லுக்கும் இரண்டு வேலை!

மீண்டும் அந்தப் பெட்டியருகே வருவோம். தம்பி குனிகிறார். ஒரு நொடி நின்று, மறுபடி படிக்கிறார். 'தி' இல்லை, 'டூ நாட்' இருக்கிறது. ஓகோ, தூக்காதே என்கிறான்! நிமிர்ந்து நின்று, 'அண்ணே, இதுக்குத் தள்ளுவண்டி வேணும்' என்று குரல் கொடுக்கிறார். அந்த ஒரு நொடி நிற்பதற்குத்தான் இலக்கணம்.